ஆம்புலன்ஸில் இரண்டு பேர் ஒரு குழுவாவது எப்படி?

வந்த கேள்வி இது: "என் தங்கை 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து, செங்கோட்டைப் பக்கம் டூட்டி பார்க்கிறாள். முதலுதவி, பிரசவம், சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது) எல்லாம் நன்றாகக் கற்றுக்கொண்டாள். ஆனால் வண்டியில் அவளும் பைலட்டும், அதாவது ஓட்டுநரும், சேர்ந்து எப்படி வேலை செய்ய வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லித்தரவில்லை என்கிறாள். குழுவாக வேலை செய்வதற்கென்று பயிற்சி உண்டா? அவர்களாகவே பழகிக்கொள்ள முடியுமா?"

உண்டு. அவர்களாகவே பழகிக்கொள்ளவும் முடியும். நான் கேரள எல்லையை ஒட்டிய தென்காசி, செங்கோட்டை, புளியரைப் பாதையில் இஎம்டியாக, அதாவது உங்கள் தங்கை மாதிரி மருத்துவ உதவியாளராக, ஓடியவன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் தங்கை கேட்டிருப்பது இந்த வேலையில் ரொம்ப முக்கியமான கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு நோயாளியைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்பார்கள். ஆம்புலன்ஸில் இரண்டே பேர். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15-ல் 108 தொடங்கியதிலிருந்து வண்டிக்கு ஒரு இஎம்டி, ஒரு பைலட் என்பதுதான் ஏற்பாடு. ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் பார்த்தால் இஎம்டிக்கு 50 நாள் பயிற்சி, பைலட்டுக்கு 10 நாள் பயிற்சி என்று போட்டிருக்கும். பைலட்டுக்கும் முதலுதவி சொல்லித்தருகிறார்கள். இருந்தாலும் இந்த நாள்கணக்கு ஒரு எண்ணத்தை மனதில் பதித்துவிடுகிறது: சிகிச்சை பின்னால் இருப்பவர் பாடு, ஓட்டுவது முன்னால் இருப்பவர் பாடு. எனக்குத் தெரிந்து வண்டிக்குள் நடக்கிற பெரும்பாலான தடுமாற்றம் இந்த எண்ணத்திலிருந்துதான் வருகிறது. பைலட்டும் சிகிச்சையில் பாதி. அவரை அப்படிக் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் வேலைக்கு ஆகும்.

குழுப் பயிற்சி என்ற பாடம் விமானத் துறையிலிருந்து வந்தது. 1977-ல் டெனெரிஃப் தீவில் மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். எதிர் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ என்று, கிளம்பிக்கொண்டிருந்த விமானத்தின் இஞ்சினியர் சந்தேகப்பட்டுக் கேட்டார். பெரிய அனுபவசாலியான கேப்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லேண்டில் ஒரு விமானக் குழு சக்கரக் கோளாறிலேயே கவனமாக இருந்து, எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதைக் கோட்டைவிட்டது. பத்துப் பேர் இறந்தார்கள். இரண்டிலும் விமானிகளுக்குத் திறமைக் குறைவு கிடையாது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. 1979-ல் நாசா நடத்திய கூட்டத்திலிருந்து இதற்கென்று பயிற்சிமுறை உருவானது. அப்புறம் அது மயக்க மருத்துவத்துக்கும் அவசர சிகிச்சைக்கும் வந்தது. 2006-ல் அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி அமைப்பும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து டீம்ஸ்டெப்ஸ் என்ற பெயரில் ஆஸ்பத்திரி ஆட்களுக்கான பாடத்திட்டத்தை வெளியிட்டார்கள்.

அந்த ஆராய்ச்சிகளில் இரண்டை மட்டும் உங்கள் தங்கை மனதில் வைத்துக்கொள்ளட்டும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1994-ல் விமானக் குழுவின் தவறால் நடந்த பெரிய விபத்துகளை ஆராய்ந்தது. விவரம் கிடைத்தவற்றில் 73 சதவீதம் அந்தக் குழு சேர்ந்து வேலை செய்த முதல் நாளிலேயே நடந்திருந்தது. 44 சதவீதம் முதல் பயணத்திலேயே. இன்னொன்று நாசா 1980-களில் செய்த சோதனை. அசதியோடு இருந்தாலும் ஏற்கெனவே சேர்ந்து பறந்து பழகிய குழு, நன்றாகத் தூங்கி எழுந்த புதுக் குழுவைவிடக் குறைவான தவறு செய்தது.

108-ல் பார்ட்னர் நிலையாக இருக்க மாட்டார். ஒருவர் லீவு போட்டால் ரிலீவர் வருவார், ஷிஃப்ட் மாறும், பேஸ், அதாவது வண்டி நிற்கிற இடம், மாறும். யார் யாரோடு போவது என்பது உங்கள் தங்கை கையில் இல்லை. ஆகவே முகமே தெரியாத ஒருவரோடு பன்னிரண்டு மணி நேர டூட்டி தொடங்கும்போது, முதல் பத்து நிமிஷத்தில் பழகிய ஜோடியாக மாறுவது எப்படி என்பதைத்தான் அவர் கற்றுக்கொள்ள வேண்டும்.

டூட்டி மாறும்போது வண்டியைச் சரிபார்ப்பது கட்டாய வேலை. அதை ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டு செய்யாமல் சேர்ந்தே செய்யச் சொல்லுங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, சக்ஷன் (வாயில் அடைத்ததை உறிஞ்சி எடுக்கும் கருவி) ஓடுகிறதா, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று இருக்கிறதா, பிரசவ கிட் எந்தத் தட்டில் என்று இருவரும் பெயர் சொல்லி, தொட்டுப் பார்க்க வேண்டும். நாளைக்கு ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பைலட் பின்னால் ஓடி வரும்போது, சக்ஷன் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. பார்த்துக்கொண்டே நாலு விஷயம் பேசிவிடலாம். இதயம் நின்ற கேஸ் வந்தால் முதலில் நெஞ்சை அழுத்துவது யார்? ஸ்ட்ரெச்சரில் தலைப்பக்கம் யார்? யாருக்காவது முதுகுவலி இருக்கிறதா? நேற்று யார் தூங்கவில்லை? கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். இரவு ஷிஃப்டில் மலைப்பாதை ஓட்டுகிறவரின் தூக்கம் நோயாளியின் பிபி மாதிரியே தெரிந்திருக்க வேண்டிய விவரம்.

அடுத்தது, கேஸ் வந்ததிலிருந்து ஸ்பாட் போய்ச் சேரும்வரை உள்ள நேரம். பெரும்பாலும் இது வீணாகப் போகிறது. "போய்ப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சைரன் போட்டுப் போவார்கள். கட்டுப்பாட்டு அறை சொன்னதை இஎம்டி சத்தமாகத் திரும்பச் சொல்ல வேண்டும்: "பைக், லாரி, புளியரை செக்போஸ்ட் தாண்டி, ரெண்டு பேர், ஒருத்தருக்கு நினைவு இல்லை." அதன்மேல் ஒரு சின்னத் திட்டம்: "நான் நினைவு இல்லாதவர்கிட்ட போறேன். நீங்க வண்டியை மேல்பக்கமா மறிச்சு நிறுத்திட்டு கழுத்துக் காலரும் முதுகுப் போர்டும் எடுத்துட்டு வாங்க. ரெண்டாவது ஆள் பேசுறாரான்னு பாருங்க." போய்ப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கலாம், பரவாயில்லை. இருவர் மனதிலும் ஒரே படம் இருந்தால் அதை மாற்றுவது சுலபம்.

பேசுகிற முறைக்கும் ஒரு பழக்கம் வேண்டும். யாருக்குச் சொல்கிறோமோ அவர் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும். கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும். செய்து முடித்ததும் முடிந்தது என்று சொல்ல வேண்டும். "முருகண்ணே, ஆக்ஸிஜன் பத்து லிட்டர் வைங்க." "பத்து லிட்டர் வைக்கிறேன்." "வச்சாச்சு." முதலில் நாடகம் மாதிரி இருக்கும். கூட்டம் கத்திக்கொண்டிருக்கிற இடத்தில், லாரி ஹாரனுக்கு நடுவில், இதன் அருமை தெரியும்.

சிபிஆரில் இரண்டு பேரின் ஒத்திசைவுதான் பாதி மருந்து. பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், இடைவெளி பத்து நொடிக்குள் என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த ஆள் மாற்றத்தை எத்தனை ஜோடி சேர்ந்து செய்து பார்த்திருக்கிறார்கள்? ஆம்பு பிடிப்பவர் எண்ணிக்கையைக் கவனித்து "அடுத்த முப்பதோடு மாறுவோம்" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். புதியவர் எதிர்ப்பக்கம் முட்டி போட்டுக் கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அழுத்துகிறவருக்குத் தான் தளர்ந்துவிட்டது பெரும்பாலும் தெரியாது. "ஆழம் குறையுது" என்று மற்றவர்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு முகம் சுருங்காமல் இருப்பதும் பயிற்சியில் வர வேண்டியதுதான்.

இதயம் நின்றவரை உடனே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடத்தான் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வண்டி ஓடத் தொடங்கினால் பைலட் முன்னால் போய்விடுவார். பின்னால் ஒற்றை ஆள். புளியரை எஸ் வளைவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத்துவது சரியான அழுத்தமாக இருக்காது, இஎம்டிக்கும் ஆபத்து. ஸ்பாட்டிலேயே இருவருமாகச் சில சுற்றுகள் ஒழுங்காகச் செய்வதா, கிளம்புவதா என்பதைக் கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கலாம். முடிவை இருவரும் அறிந்து எடுக்க வேண்டும், கூட்டத்தின் சத்தத்துக்காக எடுக்கக்கூடாது. இங்கே பைலட்டின் பங்கு பெரியது. ஊர்க்காரர்களிடம் நின்று, "இப்ப இங்கயே செய்யறதுதான் இவருக்கு நல்லது" என்று பொறுமையாகச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

மலைப்பாதை ஓட்டுதலைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி, கேரளாவுக்குள் ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போகிற ரோடு லாரிகள் நெருங்கி ஊர்கிற ரோடு. மழைக்காலத்தில் ஒரு பக்கம் மண் சரியும், காட்டுக்குள் போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். இந்தப் பாதையில் பைலட் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் குரல் கொடுக்க வேண்டும்: "இடது வளைவு", "பிரேக் போடறேன்", "பள்ளம்." பின்னால் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் கையை எடுத்துவிடுவார், நின்றுகொண்டிருப்பவர் உட்கார்ந்துவிடுவார். பின்னாலிருந்தும் குரல் போக வேண்டும்: "ரெண்டு நிமிஷம் மெதுவா", "பிபி எடுக்கிறேன்", "இப்ப போகலாம்." முதுகெலும்பு அடிபட்டவர், நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிற வண்டியில் ஆக்ஸிலேட்டரும் ஒரு சிகிச்சைக் கருவி. நல்ல பைலட்டுகள் இதை யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். அதைப் பாடமாக எழுதிப் புதியவர்களுக்குக் கொடுக்காததுதான் குறை.

இப்போது நம் ஊருக்கே உரிய சிக்கல். உங்கள் தங்கைக்கு இருபத்துச் சொச்சம் வயது இருக்கும். பைலட் அண்ணன் வயதோ மாமா வயதோ இருப்பார். இருபது வருஷம் லாரி ஓட்டிய கை. அவரிடம் "வண்டியை நிறுத்துங்க" என்று ஒரு சின்னப் பெண் சொல்வது நம் வளர்ப்பில் சுலபமாக வராது. பெரியவர் மனம் புண்படுமோ என்று தயங்கி விழுங்கிவிடுகிறோம். இதற்கு விமானத் துறை ஒரு படிமுறை வைத்திருக்கிறது. நான் அதை இப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் பார்த்ததைச் சொல்: "அண்ணே, ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் எண்பத்தெட்டுக்கு இறங்கிடுச்சு." கவனிக்கவில்லையா, கவலையைச் சொல்: "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு, மூச்சு சரியில்லை." அதற்கும் அசையவில்லையா, செய்ய வேண்டியதைச் சொல்: "அண்ணே, வண்டியை நிறுத்துங்க. இப்பவே." மூன்றாவது படிக்கு வந்துவிட்டால் கேள்வி கிடையாது, நிறுத்திவிட வேண்டும். காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். டூட்டி தொடங்கும்போதே இதை இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால் மரியாதைக் குறைவு என்ற பேச்சே வராது. இதே உரிமை பைலட்டுக்கும் உண்டு. "சிஸ்டர், அந்தப் பையன் ரொம்ப அமைதியாயிட்டான், பாருங்க" என்று முன்னாலிருந்து கண்ணாடியில் பார்த்துச் சொல்பவர் ஒரு உயிரைக் காப்பாற்றுகிறார்.

ஓடும் வண்டியில் பிரசவம் என்பது இந்தக் குழுவேலைக்குப் பெரிய பரீட்சை. ஒரு நோயாளியாக ஏறியவர் நடுவழியில் இரண்டு நோயாளி ஆகிவிடுகிறார். தலை தெரிந்தவுடன் வண்டியை ஓரமாக, விளக்கு இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். பிள்ளை அழவில்லை என்றால் முதல் ஒரு நிமிஷத்துக்குள் துடைத்து, சூடாக வைத்து, தூண்டி, அப்படியும் மூச்சு வராவிட்டால் ஆம்பு தொடங்க வேண்டும். அதே நேரத்தில் தாய்க்கு ரத்தப்போக்கைப் பார்க்க வேண்டும். ஒருவரால் இரண்டும் முடியாது. பைலட் பின்னால் வந்து எதைச் செய்வார் என்பது அந்த நேரத்தில் யோசிக்கிற விஷயமாக இருக்கக்கூடாது. கூட வந்த அம்மாவோ மாமியாரோ இருந்தால் அவர்களிடம் ஒரே ஒரு வேலையைக் கொடுக்கலாம், தாயின் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருப்பது. வேலை கொடுத்தால் பதற்றமும் குறையும்.

ஸ்பாட்டில் நிற்கிற பொதுமக்களும் அப்படித்தான். "யாராவது பிடிங்க" என்றால் பத்துப் பேர் வருவார்கள், ஸ்ட்ரெச்சர் கோணலாகப் போகும். ஆளைக் காட்டி, இடத்தைக் காட்டி, மூன்று எண்ணித் தூக்க வேண்டும். எண்ணுபவர் எப்போதும் தலைப்பக்கம் இருப்பவர்.

அப்புறம் எல்லை விஷயம். கேரளாவிலும் அவசர எண் 108-தான். அங்கே 2019 முதல் கனிவு என்ற பெயரில் மாநிலம் முழுக்க ஓடுகிறது, பின்னால் இருப்பவர் நர்ஸ். எல்லையோரத்தில் போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகும். ஆகவே விபத்து ஒரு பக்கம், அழைப்பு மறுபக்கம் என்று ஆவதுண்டு. சில நேரம் இரண்டு வண்டியும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். அப்போது அவர்களும் நாமும் ஒரே குழு. முதலில் வந்தவர் நிலைமையைச் சொல்ல வேண்டும், பின்னால் வந்தவர் கேட்டுவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். நோயாளியைத் தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதா, புனலூருக்கா என்பதைத் தூரம், ரோட்டின் நிலை, அங்கே என்ன வசதி என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தென்காசியிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் என்பதும் கணக்கில் இருக்கட்டும். மலையாளி லாரி டிரைவர் ஒருவர் நம் பக்கம் அடிபட்டால் பணத்துக்கு என்ன செய்வது என்று கூட வந்தவர்கள் தயங்குவார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எந்த மாநிலத்தவருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சை உண்டு. இதைத் தெரிந்து சொல்லக்கூடிய பைலட் இருந்தால் ஸ்பாட்டில் பத்து நிமிஷம் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும் இடத்தில்தான் விவரங்கள் அதிகம் சிந்துகின்றன. வரிசை ஒன்றை வைத்துக்கொண்டால் போதும்: வயது, நடந்த நேரம், எப்படி அடிபட்டது, எங்கெங்கே அடி, பல்ஸ் பிபி சாச்சுரேஷன், நாம் கொடுத்தது. ஒரு நிமிஷத்துக்குள் முடியும். இஎம்டி சொல்லும்போது பைலட்டும் பக்கத்தில் நிற்கட்டும். விபத்து நடந்த விதம், கார் எப்படி நசுங்கியிருந்தது, சீட் பெல்ட் போட்டிருந்தாரா என்பதெல்லாம் பல நேரம் அவர் கண்ணில்தான் பட்டிருக்கும். இஎம்டி முடித்ததும் "அண்ணே, விட்டது ஏதாவது?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். கேரளப் பக்கம் ஒப்படைக்கும்போது மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாகப் போகிற பாதை இது. குற்றால சீசனில் வேறு கூட்டம். பலர் அடிபட்ட இடத்துக்கு முதலில் போகும் ஆம்புலன்ஸுக்கு உள்ள கடமை கேட்கக் கஷ்டமாக இருக்கும்: அது முதலில் யாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பக்கூடாது. இஎம்டி ஒவ்வொருவரையும் சில நொடி பார்த்துப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். நடக்க முடிகிறவர்கள் ஓரமாக, மூச்சு நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டியவர், மணிக்கட்டில் நாடி கிடைக்காதவர், சொன்னதைச் செய்ய முடியாதவர் முதலில். பைலட் போனில் இருந்து எத்தனை பேர், எந்த வழியாக மற்ற வண்டிகள் வர வேண்டும், எங்கே திருப்ப இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். 2011 ஜனவரி 14 அன்று சபரிமலைப் பக்கம் புல்லுமேட்டில் நூறு பக்தர்களுக்கு மேல் நெரிசலில் இறந்தார்களே, அந்த மாதிரி இரவில், காட்டுக்குள், பல மாநிலத்து ஆட்கள் நடுவில், வழியைத் திறந்து வைக்கிற ஆள் மருந்து கொடுக்கிற ஆளுக்குச் சமம்.

பயிற்சிக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பேஸில் கேஸ் இல்லாத நேரத்தில் பத்து நிமிஷம் போதும். ஒரு நாள் தலையணையை வைத்துச் சிபிஆர் ஆள் மாற்றம் மட்டும். ஒரு நாள் பிரசவம். ஒரு நாள் இருவரும் இடம் மாறி, இஎம்டி முன் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதும், பைலட் பின்னால் ஸ்ட்ரெச்சர் பக்கம் உட்கார்ந்து ஒரு சுற்று வருவதும். பின்னால் நின்றுகொண்டு ஒரு திடீர் பிரேக்கை அனுபவித்தவர் அப்புறம் குரல் கொடுக்க மறக்கவே மாட்டார்.

ஒவ்வொரு பெரிய கேஸுக்குப் பிறகும் வண்டியைக் கழுவும்போதே பேசிவிட வேண்டும். எது சரியாக நடந்தது, எங்கே ஒருவருக்காக ஒருவர் காத்து நின்றோம், அடுத்த தடவை எதை மாற்றுவோம். யார் மேல் தப்பு என்ற பேச்சு அங்கே வரக்கூடாது. வந்தால் அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். குழந்தை இறந்த கேஸ் என்றால் இந்தக் கேள்விகளை அன்றைக்கு விட்டுவிடலாம். இருவரும் ஒரு டீ குடித்துவிட்டு, பைலட் ஓட்டும் நிலையில் இருக்கிறாரா, இஎம்டிக்கு அடுத்த கேஸ் எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளட்டும். முடியாது என்றால் மேலதிகாரியிடம் சொல்லி வாங்க வேண்டிய ஓய்வை வாங்க வேண்டும்.

உங்கள் தங்கை மாவட்ட அளவில் பொறுப்பில் இருப்பவரிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கலாம்: புத்தாக்கப் பயிற்சிக்குக் கூப்பிடும்போது இஎம்டியையும் பைலட்டையும் ஒரே நாளில், ஒரே அறையில், ஜோடியாகக் கூப்பிடுங்கள் என்று. கார்த்திகை ஒன்றாம் தேதிக்கு முன்னால் ஆரியங்காவுப் பக்கத்து வண்டிக்காரர்களையும் சேர்த்துப் புளியரையில் ஒரு ஒத்திகை வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கட்டும். அனுமதி வரும்வரை, அடுத்த டூட்டியில் பைலட் அண்ணனோடு சேர்ந்து ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து தொடங்கலாம்.